வாசலுக்கு வெளியிலும் வீடு

இதுவரை குடியிருந்த இடங்களில் எது மனசுக்கு நிறைவாக இருந்தது என்று நாற்பதைக் கடந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். சொந்தமாகக் கட்டிய வீட்டை முதலில் சொல்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். கடனை அடைத்து முடித்த வீடு, மாடுலர் கிச்சன் போட்ட வீடு, கார் நிறுத்த இடமுள்ள வீடு எல்லாம் கையில் இருக்கும். ஆனாலும் பேச்சு ஏதோ ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்கோ, ரயில்வே குவார்ட்டர்ஸுக்கோ, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்கோ போய் நிற்கும். குழாயடிச் சண்டை, ஒரே கழிப்பறைக்குப் பல குடும்பம், மழைக்கு ஒழுகும் கூரை என்று குறைகளை அடுக்கிக்கொண்டே வந்து, “இருந்தாலும் அந்த இடம் மாதிரி வராது” என்பார்கள்.

இந்தப் பதிலை அப்படியே நம்பிவிட முடியாது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் தங்கள் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே அதிகமாக மேலெழுந்து வருகிறது என்பது உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். ஒண்டுக்குடித்தனத்தைப் புகழ்பவர் தன்னுடைய இருபத்திரண்டாம் வயதைப் புகழ்கிறாரோ என்னவோ. விட்டு வந்த இடத்தின் கொசுக்கடியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அவசியமும் யாருக்கும் இல்லை. கேள்வியை முறையாகக் கேட்க வேண்டுமென்றால், மக்கள் அந்த இடத்தில் குடியிருக்கும்போதே ஒருமுறை கேட்க வேண்டும். அங்கிருந்து போன பிறகு இன்னொரு முறை கேட்க வேண்டும். யார் எப்போது வீடு மாறுவார்கள் என்று தெரியாத நிலையில் இப்படி ஓர் ஆய்வைத் திட்டமிடுவது கடினம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அதற்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. ஒரு பேட்டை முழுவதையும் இடிக்கப்போவதாக அரசு முன்கூட்டியே சொல்லியிருந்தது.

அந்தப் பேட்டையின் பெயர் வெஸ்ட் எண்ட். சார்லஸ் ஆற்றுக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கும் பக்கத்தில், நான்கைந்து மாடிச் செங்கல் கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற குறுகலான தெருக்கள். ஐரிஷ்காரர்கள், யூதர்கள், இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள், உக்ரைனியர்கள் என்று கப்பலேறி வந்தவர்கள் அலை அலையாகத் தங்கிய இடம். 1910-ஐ ஒட்டி ஏறத்தாழ 23,000 பேர் இருந்தார்கள். இடிக்கப்படும் தறுவாயில் 7,000 பேர். ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் ஸ்பாக் பாத்திரத்தில் நடித்த லெனார்ட் நிமாய், உக்ரைனிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்கு 1931-இல் இங்கேதான் பிறந்தார்.

1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சேரி அகற்றலுக்கு மத்திய அரசின் பணத்தைத் திறந்துவிட்டது. 1953-இல் வெஸ்ட் எண்டை அகற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் இடிப்புக்கும் இடையே ஐந்து வருடம். இடிபடப்போகும் கட்டடத்துக்கு எந்த வீட்டுக்காரர் பழுது பார்ப்பார்? குப்பை அள்ளுவதிலும் மெத்தனம் வந்தது. சேரி என்று முத்திரை குத்திய பிறகுதான் அது வேகமாகச் சேரியாகிக்கொண்டிருந்தது. 1958 ஏப்ரலில் வெளியேற்ற அறிவிப்புகள் வந்தன. ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் கலைந்துபோயின. அந்த நிலத்தில் ‘சார்லஸ் ரிவர் பார்க்’ என்ற பெயரில் வசதி படைத்தவர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. நீங்கள் இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று சாலையில் போகும் கார்க்காரர்களைப் பார்த்துச் சொல்லும் விளம்பரப் பலகையும் வந்தது. அங்கே குடியிருந்து துரத்தப்பட்டவர்கள் அதைப் படித்துக்கொண்டு கடந்துபோயிருப்பார்கள்.

இந்த இடப்பெயர்வு மக்களின் மனநலத்தை என்ன செய்கிறது என்று பார்க்கப் புறப்பட்ட ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர். 1942 நவம்பரில் பாஸ்டனின் கோகோனட் குரோவ் கேளிக்கை விடுதி தீப்பிடித்து 492 பேர் மாண்டபோது, உயிர் தப்பியவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் கவனித்து, கடுந்துக்கத்தின் அறிகுறிகளைப் பற்றி 1944-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர் அவர். சாவு விழுந்த வீட்டின் துக்கத்தை ஆராய்ந்த அதே மனிதர், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, இடிந்துபோன தெருக்களின் பக்கம் திரும்பினார். அவர் குழுவில் இருந்த மார்க் ஃபிரைட் 1963-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் துக்கம் என்ற சொல்லே இருந்தது. அது அலங்காரத்துக்குச் சொன்ன சொல் அல்ல. சோகம், உடம்பு முடியாமை, கோபம், போன இடத்தையே மனம் சுற்றிச் சுற்றி வருவது என்று உற்றவரை இழந்தவர்களிடம் காணும் அறிகுறிகளையே அவர் வெஸ்ட் எண்டில் இருந்து போனவர்களிடம் கண்டார்.

வெளியேற்றத்துக்கு முன்பே எடுத்த பேட்டிகளில், நான்கில் மூன்று பங்கினர் வெஸ்ட் எண்டில் வாழ்வது பிடித்திருக்கிறது என்றோ மிகவும் பிடித்திருக்கிறது என்றோ சொன்னார்கள். பிடிக்கவில்லை என்றவர்கள் பத்தில் ஒருவர். நகர நிர்வாகம் சேரி என்று எழுதி வைத்திருந்த இடத்தைப் பற்றி அங்கேயே இருந்தவர்களின் கணக்கு இது. வெளியேறி இரண்டு வருடம் கழித்துப் பேசிய 250 பெண்களில் 26 சதவீதத்தினர் இன்னமும் சோகமாகவே இருப்பதாகச் சொன்னார்கள்; மேலும் 20 சதவீதத்தினருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை அந்தத் துயரம் நீடித்தது. 316 ஆண்களில் நீண்டநாள் துக்கம் 38 சதவீதம்.

பறிபோகப்போகிறது என்று தெரிந்ததும் எந்தப் பொருளும் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். ஆகவே அந்த முக்கால் பங்கில் கொஞ்சத்தைக் கழித்துக்கொள்வதே நியாயம். ஆனால் இன்னொரு கணக்கை அப்படிக் கழித்துவிட முடியாது. முன்பு மிகவும் பிடித்திருக்கிறது என்று சொன்ன பெண்களில் 73 சதவீதத்தினர் பிறகு கடுந்துக்கத்துக்கு ஆளானார்கள். சும்மா பிடித்திருக்கிறது என்றவர்களில் 53 சதவீதம். அரைமனதாகப் பேசியவர்கள், பிடிக்காது என்றவர்கள் ஆகியோரில் 34 சதவீதம். இந்தக் கடைசி எண்ணில்தான் நான் நின்றுவிடுகிறேன். பிடிக்காது என்று வாயால் சொன்ன பெண்களையும் சேர்த்த கூட்டத்தில், மூன்றில் ஒருத்தி அந்த இடத்துக்காக உடைந்துபோயிருக்கிறாள். ஓர் இடம் நம்மைப் பிடித்து வைத்திருப்பது வேறு, நமக்கு அது பிடித்திருக்கிறது என்று பேட்டியாளரிடம் சொல்வது வேறு போலும்.

அப்படி என்னதான் இருந்தது அங்கே? சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1957 அக்டோபர் முதல் 1958 மே வரை வெஸ்ட் எண்டிலேயே வாடகைக்கு இருந்து கவனித்து, 1962-இல் ‘நகர்ப்புறக் கிராமத்தார்’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக எழுதினார். கட்டடங்களின் வெளிப்புறம் அழுக்கும் விரிசலுமாக இருந்தது. உள்ளே போனால் பல வீடுகள் பளிச்சென்று இருந்தன. உறவும் நட்பும் கலந்த ஒரு சிறு கூட்டம் வாரத்தில் பல மாலைகள் யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் கூடிவிடும். அழைப்பு வேண்டியதில்லை. வாடகை மிகக் குறைவு என்பதால் அந்த மாலைகளுக்கு நேரமும் இருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓவர்டைம் பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு அடுத்த வீட்டுச் சமையலறையில் என்ன வேலை?

ஃபிரைட்டும் அவருடைய சக ஆய்வாளர் பெக்கி கிளைச்சரும் 1961-இல் சொன்ன ஒரு விஷயம் இதற்கெல்லாம் அடியில் ஓடுகிறது. நடுத்தர வர்க்கத்தவருக்கு வீட்டுக் கதவு ஒரு திட்டவட்டமான எல்லை. உள்ளே இருப்பது தனது, வெளியே இருப்பது ஊராருடையது. வெஸ்ட் எண்டில் அந்த எல்லை அவ்வளவு இறுக்கமாக இல்லை. மாடிப்படி, நடை, வாசற்படி, ஜன்னல், மூலைக்கடை என்று வீடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவாக மாறிக்கொண்டே போயிற்று. ஜன்னலில் சாய்ந்தபடி கீழே நிற்பவரோடு பேசுவதற்கு யாரும் தலை வாரிக்கொள்ளத் தேவையில்லை. இப்படி வாழ்பவரிடம் உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று கேட்டு வாங்கும் பதில், அவர் உண்மையில் வாழ்ந்த இடத்தில் ஒரு மூலையை மட்டும் அளந்த பதில். அதிகாரிகள் அந்த மூலையைத்தான் அளந்தார்கள். பேட்டையின் தெருக்களை அதிகம் அறிந்து வைத்திருந்தவர்களுக்கே துக்கமும் அதிகம் என்று ஃபிரைட் கண்டதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் இழந்த வீட்டின் பரப்பு பெரிது.

இதைக் காதல் கதையாக்கிவிடக் கூடாது என்பதில் கான்ஸ் கவனமாக இருந்தார். வெஸ்ட் எண்ட் என்ற முழுப் பேட்டையை ஒரே ஊராக நினைத்தவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள்தான் என்கிறார். உள்ளே இருந்தவர்களுக்குத் தங்கள் தெரு, தங்கள் கூட்டம், தங்கள் இனம் மட்டுமே கண்ணில் பட்டது. இடிப்பு என்ற ஆபத்து வந்த பிறகே பலர் பொதுப்பெயரில் பேசத் தொடங்கினார்கள். அப்போதும் எதிர்ப்பு வலுவாகத் திரளவில்லை.

வெளியேறியவர்கள் எல்லாரும் மோசமான வீடுகளுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. அதே ஆய்வுக் குழுவைச் சேர்ந்த செஸ்டர் ஹார்ட்மன் கணக்கெடுத்தபடி, பலருக்குக் கிடைத்த கட்டடம் முன்பைவிட நல்ல கட்டடம். இடைநிலை வாடகை மட்டும் மாதம் 41 டாலரிலிருந்து 71 டாலராக ஏறிவிட்டது.

வெஸ்ட் எண்டுக்கு எதிர்க்கரையில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்தில், இதற்குப் பத்தாண்டுகள் முன்னர் நடந்த இன்னோர் ஆய்வு, உறவு முளைப்பது வாசலுக்கு வெளியில்தான் என்பதற்குத் துணை நிற்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிப் படிக்க வந்த மணமான மாணவர்களுக்கான குடியிருப்பு வெஸ்ட்கேட். யாருக்கும் தனக்கு வேண்டிய வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. காலியான வீடு வரிசைப்படி கிடைத்தது. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகியோர் நட்பு எங்கே முளைக்கிறது என்று பார்த்து 1950-இல் வெளியிட்டார்கள். ஒரே மாடியில் அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொல்லும் வாய்ப்பு 41 சதவீதம். அதே மாடியின் கடைசியில் இருப்பவரை அப்படிச் சொல்லும் வாய்ப்பு 10 சதவீதம். இடையில் இருந்ததோ சில கதவுகள்தான். மாடிப்படி முடியும் இடத்தில் கீழ்வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் அதிகம், காரணம் மேலே போகிறவர்கள் எல்லாரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். குணம், விருப்பம், ஜாதகப் பொருத்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பெரும்பங்கைக் கொத்தனார் தீர்மானித்துவிடுகிறார்.

தெருவின் பங்கு எவ்வளவு என்பதை டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான்பிரான்சிஸ்கோவில் அளந்து 1972-இல் வெளியிட்டார். ஒன்றுபோலவே இருந்த மூன்று தெருக்கள். ஒன்றில் நாளொன்றுக்கு 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் 3 நண்பர்கள் இருந்தார்கள். வண்டி நிறைந்த தெருவில் 0.9. ‘உங்கள் இடம்’ எது என்று வரையச் சொன்னபோது முதல் தெருக்காரர்கள் தெருவையே வளைத்துக் கோடு போட்டார்கள், மூன்றாவது தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்துக்குள், சிலர் தங்கள் வீட்டுக்குள் மட்டும் அடங்கிப்போனார்கள். வீட்டின் நாலு சுவரும் அப்படியே இருக்க, எதிரே ஓடும் வண்டிகள் வீட்டைச் சுருக்கிவிட்டன. நமது நகரங்களில் திண்ணை போன கதையை எழுதுபவர்கள் காலம் மாறியதைக் குறை சொல்வார்கள், மனிதர்கள் மாறியதைக் குறை சொல்வார்கள். திண்ணைக்கு ஓர் அடி தள்ளி ஓடும் மினி பஸ்ஸை எண்ணிப் பார்ப்பதில்லை.

எதிர்வாதத்தையும் கேட்டாக வேண்டும். இந்தத் துறையில் வெஸ்ட் எண்டுக்கு முன்பே புகழ்பெற்றது லண்டனின் பெத்னல் கிரீன். மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மட்டும் 1957-இல் வெளியிட்ட நூலில், கிழக்கு லண்டனின் நெருக்கடியான தெருக்களில் மணமான பெண்கள் தாய்வீட்டுக்கு நாள்தோறும் போய்வந்ததையும், அவர்களே நகருக்கு வெளியே மாநகராட்சி கட்டிய புதிய குடியிருப்புக்குப் போனதும் உறவு அறுந்து தனித்துப்போனதையும் எழுதினார்கள். பழைய பேட்டையில் 44 பேருக்கு ஒரு கடை என்றிருந்தது; புதிய இடத்தில் 300 பேருக்கு ஒரு கடை. அந்த நூல் ஒரு தலைமுறைத் திட்டமிடுநர்களுக்கு வேதம் ஆயிற்று. வரலாற்றாசிரியர் ஜான் லாரன்ஸ், யங் எழுதி வைத்திருந்த அசல் பேட்டிக் குறிப்புகளை எடுத்து மறுபடி படித்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குறிப்புகளில் இருந்த மக்கள் நூலில் இருந்த மக்களைப்போல் அவ்வளவு ஒட்டுறவானவர்கள் அல்ல. அக்கம்பக்கத்தாரைக் கண்டால் ஒதுங்கிப்போனவர்கள் உண்டு. மூச்சுவிட இடம் வேண்டும், தோட்டம் வேண்டும், தனிக்கழிப்பறை வேண்டும், போய்விட வேண்டும் என்று ஏங்கியவர்கள் பலர். ஆய்வாளர்கள் தாங்கள் தேடிப்போன சமூகத்தையே கண்டெடுத்து வந்திருந்தார்கள்.

லாரன்ஸின் கட்டுரை கான்ஸையும் ஃபிரைட்டையும் தள்ளுபடி செய்துவிடவில்லை. எவருடைய மகிழ்ச்சியை எண்ணுகிறோம் என்று கேட்க வைக்கிறது. நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் கூர்மை உண்டு. திண்ணை வழிப்போக்கருக்கு நிழல் தந்தது என்று எழுதும்போது, எந்தச் சாதி வழிப்போக்கருக்கு என்பதையும் எழுத வேண்டும். அக்ரகாரத் தெருவுக்குள் நடக்கவே முடியாதவருக்குத் திண்ணையின் குளிர்ச்சி என்ன தெரியும்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றிய புகழ்ச்சியைக் கடுமையாக உடைத்துப் பேசியதன் பின்னால் இருந்தது இந்த அனுபவம். ஊரை விட்டு நகரத்துக்கு ஓடிவந்து, யாரென்று கேட்காத ஒரு லாட்ஜ் அறையில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கியவருக்கு, அந்த அறைதான் வாழ்க்கையிலேயே பிடித்த இடம். கதவு இறுக்கமாகச் சாத்திக்கொள்வதே அங்கே சுகம். வெஸ்ட் எண்டின் திறந்த கதவும் இந்த அறையின் மூடிய கதவும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். இரண்டிலும் கதவைத் திறப்பதா மூடுவதா என்பது உள்ளே இருப்பவர் கையில் இருந்தது.

அந்த முடிவு கையை விட்டுப்போவதைப் பார்க்க பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதே பெரும்பாலும் வழக்கம். சென்னைக் கடற்கரையோரத்தில் எழுந்த பழைய வாரியக் குடியிருப்புகள் அப்படி வந்தவை. 1977-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் மனையையும் அடிப்படை வசதிகளையும் கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விட்டது. இரண்டாயிரத்தை ஒட்டிப் போக்கு மாறியது. பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு எட்டு மாடிக் கட்டடங்களாகப் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பங்களை அங்கே கொண்டுபோவது வேகமெடுத்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கொண்டுபோய் விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

கெட்டியான கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, அரசு கொடுத்த ஒதுக்கீட்டு ஆணை: இவற்றை அற்பமாகப் பேச எனக்கு வாய் வராது. விடிவதற்கு முன் எழுந்து, ஒதுக்குப்புறம் தேடிப்போன பெண்ணுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை என்னவென்று தெரியும். லாரன்ஸ் படித்த குறிப்புகளில் தனிக்கழிப்பறைக்கு ஏங்கியவர்களின் பக்கம்தான் அவளும் இருக்கிறாள். ஆனால் அந்தத் தாழ்ப்பாளுக்கு விலையாக அவள் கொடுத்தது என்ன என்பதைக் கணக்கில் எழுதுவதில்லை. மயிலாப்பூரிலும் ஆயிரம் விளக்கிலும் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து, நடந்தே வீடு திரும்பியவள் இப்போது பஸ்ஸில் போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு ஆயா வேறு பிளாக்கில், வேறு மாடியில். எட்டாவது மாடி ஜன்னலில் நின்று கீழே போகிறவரைக் கூப்பிட்டுப் பேச முடியாது. லிஃப்ட் நின்றுவிட்டால் இறங்கிப் போகவும் மனம் வராது.

கணக்கில் எழுதாத அந்த விலையை ஒப்புக்கொள்ள பாஸ்டனுக்கு வெகுகாலம் பிடித்தது. பாஸ்டன் மறுசீரமைப்பு ஆணையம் 2015-இல் வெஸ்ட் எண்ட் மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இடித்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பழைய பேட்டைக் குடியிருப்புக் கட்டடங்களில் லோமாஸ்னி வேயில் ஒன்றே ஒன்று மிஞ்சி நின்றது. 1985-இல் பழைய குடியிருப்பாளர்கள் தங்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பிறகு ஓர் அருங்காட்சியகமும் வந்தது.

சென்னையில் மறுகுடியமர்வுத் திட்டங்கள் பலவற்றிலும் வீடு ஒதுக்குவது குலுக்கல் முறையில். சிபாரிசும் லஞ்சமும் நுழையாமல் இருக்க இதுதான் வழி என்று அதிகாரிகள் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் வெஸ்ட்கேட் கணக்கை ஒருமுறை பார்த்தவருக்குக் குலுக்கல் என்ன செய்கிறது என்று தெரியும். இருபது வருடம் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் இருந்தவர்களுக்கு இடையே மாடிகளையும் பிளாக்குகளையும் நிறுத்துகிறது. வெஸ்ட்கேட்டில் சில கதவுகளே நட்பின் வாய்ப்பை ஏறத்தாழ கால்வாசியாகக் குறைத்துவிட்டன. தனித்தனி ஆட்களின் பெயரைக் குலுக்காமல், தெருவை அல்லது பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட கொத்தை ஒரே சீட்டாகக் குலுக்கினால் போதும். எந்தக் கொத்துக்கு எந்த மாடி என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும். கொத்துக்குள் யார் யாருக்குப் பக்கத்தில் என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும். கட்டடத்தின் வரைபடத்தைத் தொட வேண்டாம், ஒரு செங்கல்கூடக் கூடுதலாகச் செலவாகாது. வெள்ளத்துக்குப் பயந்தோ நீதிமன்ற ஆணைக்குக் கட்டுப்பட்டோ இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையிலும், இதைச் செய்வதற்குத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் ‘உங்கள் பக்கத்தில் யார் இருக்க வேண்டும்?’ என்று ஒரு பத்தி மட்டும் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.